ஆடாமல் உட்காரும் குளிர்

தம்பி, விஸ்கான்சினில் உனக்கு இது முதல் மான் வேட்டை. தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள். பாதுகாப்பு வகுப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டாய், ஆரஞ்சு ஜாக்கெட்டும் வந்துவிட்டது. துப்பாக்கி பிடிப்பதை அங்கேயே நன்றாகச் சொல்லித் தந்திருப்பார்கள். குளிரைப் பற்றி அக்கா சொல்கிறேன், கேள்.

இங்கே வந்து இரண்டு குளிர்காலம் பார்த்துவிட்டேன், பனி அள்ளியிருக்கிறேன் என்று நீ சொல்வாய். அதெல்லாம் நடமாடுகிறவனின் குளிர். சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு ஏறக்குறைய நூறு வாட் குண்டு பல்பு அளவுக்குத்தான் சூடு தருகிறது. பனியில் நடக்கும்போது அதைப்போல நான்கைந்து மடங்கு. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதல் வருடம் நான் செய்தது இது. விடியுமுன் காரிலிருந்து இறங்கும்போதே இருந்த துணியெல்லாம் போட்டுக்கொண்டேன். முக்கால் கிலோமீட்டர், முழங்கால் பனி. மரத்தில் கட்டிய பரணில் ஏறி உட்காரும்போது கதகதவென்று சுகமாக இருந்தது. அரைமணி நேரத்தில் முதுகில் ஐஸ் தடவியது போல ஆகிவிட்டது. உள்ளே பருத்தி பனியன், அது முழுக்க வியர்வை. காற்றைவிடத் தண்ணீர் இருபத்தைந்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். எட்டு மணிக்குப் பல் கிட்டிக்கொண்டது. எட்டேகாலுக்கு ஒரு மான் வந்தது. கை நடுங்கியதால் நான் துப்பாக்கியைத் தூக்கவே இல்லை. நடுங்கும் கையோடு சுட்டால் மானைக் காயத்தோடு ஓடவிடுவோம். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

அதனால் காரிலிருந்து இறங்கும்போது உனக்குக் குளிர வேண்டும். மெல்லிய கம்பளி பனியன், மேலே ஒரு ஃபிளீஸ், அதன்மேல் ஆரஞ்சு வெஸ்ட், அவ்வளவுதான். கனமான கோட்டும் பேண்ட்டும் பையில் இருக்கட்டும். மெதுவாக நட. வியர்க்கிறது என்று தோன்றினால் நின்றுவிடு, தொப்பியைக் கழற்று. மரத்தடிக்குப் போனதும் பத்து நிமிடம் உடம்பு ஆறட்டும். பிறகு உள்பனியனையும் சாக்ஸையும் மாற்றிவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு ஏறு. மைனஸ் எட்டு டிகிரியில் சட்டையைக் கழற்றுவதா என்று பயப்படாதே. ஒரு நிமிடக் கஷ்டம்தான், நாலு மணி நேரத்துக்கு ஈடாகும். கோட் எதுவானாலும் வெளியே ஆரஞ்சு தெரிய வேண்டும். இடுப்புக்கு மேலே பாதியாவது அந்த நிறமோ ஒளிரும் இளஞ்சிவப்போ இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம்.

பாதத்தில்தான் பலரும் தோற்கிறார்கள். குளிர்கிறது என்று மூன்று சாக்ஸ் போட்டு பூட்ஸில் திணித்தால் விரலுக்கு ரத்தம் போகாது, அடைத்துவைக்கும் காற்றும் இருக்காது. ஒரு தடித்த கம்பளி சாக்ஸ், ஒரு சைஸ் பெரிய பூட்ஸ், உள்ளே விரல்கள் தாராளமாக மடங்க வேண்டும். பரணின் இரும்புத் தட்டு பூட்ஸ் வழியாகவே சூட்டை உறிஞ்சும். யோகா பாயில் ஒரு துண்டு வெட்டிக் காலடியில் போடு, இன்னொன்றை இரட்டையாக மடித்து உட்காரும் இடத்தில் போடு. நான் வாங்கிய விலை உயர்ந்த பொருள்கள் எதுவும் இந்த இரண்டு துண்டு அளவுக்கு எனக்கு உதவியதில்லை.

ஹேண்ட் வார்மர் பொட்டலத்தில் இருப்பது இரும்புத்தூள். காற்றுப்பட்டுத் துருப்பிடிக்கும்போதுதான் சூடாகும். ஆகவே பிரித்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்திரு. இறுக்கமான பூட்ஸுக்குள் காற்று கிடைக்காமல் அணைந்துபோகும், காலுக்கென்று தனியாக விற்பதை வாங்கு. எதையும் வெறும் தோலில் வைக்காதே. மரத்துப்போன தோலுக்குச் சுடுவதே தெரியாது. விரல் பிரிந்த கையுறையைவிட மிட்டன் மேல், விரல்கள் ஒன்றுக்கொன்று சூடு கொடுத்துக்கொள்ளும்.

அசையக் கூடாது என்பதால் உடம்பைச் சும்மா விட்டுவிடாதே. தொடையை இறுக்கிப் பத்து எண்ணு, தளர்த்து. கால்விரல்களை மடக்கி விரி. மானுக்குத் தெரியாது.

கடலைமிட்டாய் கொண்டுபோ. எண்ணெய்ச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்த அதைவிட நல்ல தீனி அங்கே கிடையாது. பிளாஸ்டிக் உறை சலசலக்கும், வீட்டிலேயே பிரித்துத் துணியில் சுற்றிவிடு. பிளாஸ்கில் முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டு, பிறகு டீயை ஊற்று, மதியம் வரை சூடு நிற்கும். கூட வருகிறவர்கள் பிராந்தி நீட்டினால் வேண்டாம் என்று சொல். தோலுக்கு ரத்தத்தைத் திருப்பிச் சூடானது போலக் காட்டும், உள்சூடு வெளியேறிவிடும். கையில் துப்பாக்கி வேறு.

பக்கத்து மினசோட்டாவில் 1940 நவம்பர் 11 அன்று நடந்ததை இங்கே வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள். காலை இதமாக இருந்ததால் மெல்லிய உடையில் மிசிசிப்பி ஆற்றுக்கு வாத்து வேட்டைக்குப் பலர் போனார்கள். பகலிலேயே பனிப்புயல் அடித்துவிட்டது. அந்த மாநிலத்தில் மட்டும் 49 பேர் இறந்தார்கள், அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வாத்து வேட்டைக்காரர்கள். வினோனா ஊர் விமானி மாக்ஸ் கான்ராட் சின்ன விமானத்தில் பறந்து, தீவுகளில் உயிரோடு சிக்கியிருந்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்தார். காலை வெயிலை நம்பி எதையும் காரில் விட்டுவிட்டுப் போகாதே.

நடுக்கம் அடக்க முடியாமல் வந்தாலோ, ஜிப்பைப் போட விரல் தடுமாறினாலோ மானை மறந்துவிட்டு இறங்கு. நடுக்கம் நின்று தூக்கம் வருவது அதைவிட ஆபத்து. இறங்குமுன் தோட்டாக்களை எடுத்துவிட்டுத் துப்பாக்கியைக் கயிற்றில் இறக்கு. விறைத்த கால் படியில் வழுக்கும், மரத்தோடு மாட்டிய பாதுகாப்பு பெல்ட்டைக் கடைசிப் படி வரை கழற்றாதே. மூடிய கூடாரத்தில் கேஸ் ஹீட்டர் வைத்துக்கொண்டு யார் உட்காரக் கூப்பிட்டாலும் போகாதே. அதிலிருந்து வரும் விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

நான் கிழக்குப் பக்கத்து ஓக் மரத்தில் இருப்பேன். பத்தரைக்கு இரண்டு பேரும் இறங்கிக் காருக்கு நடக்கிறோம், மான் வந்தாலும் வராவிட்டாலும். உனக்கு மாற்று சாக்ஸ் இரண்டு ஜோடி என் பையிலும் இருக்கிறது.