ஏரி சொல்லித்தரும் பாடம்

நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் சூழலியலைப் பல்லாவரம் பெரிய ஏரிக்கரையில் நாமே விளக்கலாம்.

ஏரியிலுள்ள கெண்டை மீன்கள் மட்டும் ஓர் இனக்கூட்டம். மீன், தவளை, கொக்கு, பாசி, ஆகாயத்தாமரை எல்லாம் சேர்ந்தது உயிரினச் சமுதாயம். அவற்றோடு நீர், சேறு, வெயில், காற்றும் இணைந்தால் சூழல் மண்டலம்.

ஒன்று மிதமிஞ்சினால் மற்றவை நலியும். கழிவுநீரின் சத்தில் கொழுக்கும் ஆகாயத்தாமரை நீரை மூடிவிடும். அடியில் வெயில் எட்டாது, ஆக்சிஜன் குறையும், மீன் சாகும், கொக்கும் வராது.

கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சேர்கிறது. 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற அந்நிலமே மழைவெள்ளத்தை வாங்கிக்கொள்கிறது. வழியிலுள்ள கால்வாய் அடைபட்டால் அந்த வெள்ளம் நம் தெருவுக்குத்தான் வரும். ஆகவே, கால்வாயில் குப்பை கொட்டாதிருப்போம். பிள்ளைகளுக்கும் காரணத்தோடு சொல்லிக்கொடுப்போம்.