கேள்வி போடப் பழகும் மெஷின்கள்

ஒரு கொஸ்டின் பேப்பருக்குப் பதில் எழுதுறது கஷ்டமா, அந்தப் பேப்பரை செட் பண்றது கஷ்டமா?

நாம எல்லாரும் முதல் வேலையை மட்டும்தான் செஞ்சு பழகியிருக்கோம். எல்கேஜி-யில் ஆரம்பிச்சு ஃபைனல் இயர் வரைக்கும் கேள்வி எப்பவும் வேற யாரோ போட்டதுதான். 2 மார்க், 13 மார்க், பிளேஸ்மெண்ட் ஆப்டிட்யூட் எல்லாமே அப்படித்தான். இப்போ பதில் சொல்ற வேலையை ஏஐ நம்மைவிட வேகமா செய்யுது. கொஸ்டின் பேங்கை அப்படியே உள்ளே போட்டா, டீ ஆறுறதுக்குள்ள மொத்தப் பதிலும் வந்துடுது. "சரி, கேள்வி கேட்கிறதாவது மனுஷனோட வேலை" என்று ஆறுதல் பட்டுக்கலாம். ஆனா அதையும் மெஷின்கள் பழக ஆரம்பிச்சாச்சு. ஒண்ணுக்கொண்ணு புதிர் போட்டு, அந்தப் புதிர்கள் வழியாவே யோசிக்கக் கத்துக்குது.

எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. மேத்ஸ் கொஞ்சம் வரும், பயப்பட வேண்டாம்.

முதல்ல ஒரு மனுஷன் போட்ட புதிர்

மெஷினுக்குப் போறதுக்கு முன்னாடி 1911-க்குப் போவோம். இந்தியக் கணிதக் கழகம் நடத்திய இதழில், வாசகர்கள் ஒருத்தருக்கொருத்தர் கணக்குப் போட்டுக்கொள்ள ஒரு பகுதி இருந்தது. அதில் ராமானுஜன் ஒரு கேள்வி அனுப்பினார். இதன் மதிப்பு என்ன?

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

ரூட்டுக்குள்ள ரூட், அதுக்குள்ள ரூட், முடிவே இல்லை. ஆறு மாசம் காத்திருந்தும் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: 3.

எப்படி 3? இதைப் பாருங்க.

3 = √9 = √(1 + 2×4)
4 = √16 = √(1 + 3×5)
5 = √25 = √(1 + 4×6)

முதல் வரியில் இருக்கிற 4-க்குப் பதிலா இரண்டாவது வரியைப் போடுங்க. அதில் இருக்கிற 5-க்குப் பதிலா மூணாவது வரியைப் போடுங்க. இப்படியே போனா, 3 என்கிற சாதாரண எண் அந்தப் பயங்கரமான ரூட்டா மாறிடும். (முடிவில்லாமல் போகும்போது இது சரியா வருமா என்பதைத் தனியா நிரூபிக்கணும். ஆனா யோசனை இவ்வளவுதான்.)

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. 3-ல இருந்து அந்த ரூட்டுக்குப் போறது எளிது. ரூட்டுல இருந்து 3-க்குத் திரும்பி வர்றது ரொம்பக் கஷ்டம். புதிர் போடுறவர் தெரிஞ்ச இடத்துல இருந்து முன்னாடி நடக்கிறார். விடுவிக்கிறவர் தெரியாத இடத்துல இருந்து பின்னாடி வரணும். நம்ம விடுகதையும் இப்படித்தான். போடுறவன் விடையைக் கையில் வெச்சுக்கிட்டுத்தான் கதையைக் கட்டுறான்.

ஆலிஸும் பாபும்

இதே யோசனையை 2017-ல் சைன்பயர் சுக்பாதரும் அவரோடு வேலை செய்த ஃபேஸ்புக் ஏஐ ஆராய்ச்சியாளர்களும் மெஷினுக்குக் கொண்டுவந்தாங்க. ஒரே ஏஜென்ட்டை இரண்டு ஆளாப் பிரிச்சு, ஒருத்திக்கு ஆலிஸ், ஒருத்தனுக்கு பாப் என்று பேர் வெச்சாங்க. ஆலிஸோட வேலை புதிர் போடுறது, பாபோட வேலை விடுவிக்கிறது.

எங்க ஊர் செம்பட்டியை வெச்சுச் சொல்றேன். திண்டுக்கல், வத்தலகுண்டு, ஒட்டன்சத்திரம்னு பஸ்கள் பிரியுற சந்திப்பு அது. ஆலிஸ் அந்தச் சந்திப்புல இருந்து கிளம்புறா. கொஞ்ச தூரம் நேரா நடந்து, ஒரு சந்துல இடது பக்கம் திரும்பி, ஒரு கடையோட ஷட்டரைத் திறந்து வெச்சுட்டு நின்னுடுறா. இப்போ பாப் அதே இடத்துல இருந்து எல்லாத்தையும் பழையபடி ஆக்கணும். ஷட்டரை மூடணும், சந்துல இருந்து வலது பக்கம் திரும்பணும், சந்திப்புக்கு வந்து சேரணும். இது ஒரு வகை. இன்னொரு வகையில், ஆலிஸ் உருவாக்கின நிலையை பாப் தொடக்கத்துல இருந்து திரும்ப உருவாக்கணும்.

இங்க யாரும் வெளியில இருந்து கொஸ்டின் பேங்க் கொடுக்கல. ஆலிஸ் செஞ்சு காட்டினதே கேள்வி. அதனால "அவுட் ஆஃப் சிலபஸ்" என்கிற பேச்சுக்கே இடம் இல்லை. ஆலிஸால செய்ய முடிஞ்சதைத்தான் அவள் கேட்கிறாள்.

புதிர் போடுறவருக்கு மார்க் எப்படி?

இந்த ஆராய்ச்சியில் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. ரீஇன்ஃபோர்ஸ்மெண்ட் லேர்னிங்கில் ரிவார்டு எப்படி வெக்கிறோமோ ஏஜென்ட் அப்படித்தான் வளரும். பாபுக்கு ரூல் எளிது, எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறானோ அவ்வளவு நல்லது. ஆலிஸுக்கு?

"பாப் தோத்தா உனக்கு மார்க்" என்று மட்டும் சொன்னா அவள் கண்டபடி சுத்தி, நூறு வேலை செஞ்சு, யாராலும் விடுவிக்க முடியாத புதிரைத்தான் போடுவாள். பாப் எதுவும் கத்துக்க மாட்டான். "பாப் ஜெயிச்சா உனக்கு மார்க்" என்று சொன்னா இரண்டடி நடந்துட்டு நின்னுடுவாள். அப்பவும் பாப் எதுவும் கத்துக்க மாட்டான். மாணவர்களை ஃபெயில் ஆக்கவே செட் பண்ற பேப்பர், எல்லாருக்கும் பாஸ் போடவே செட் பண்ற பேப்பர், இரண்டையும் நாம பார்த்திருக்கோம்.

அவங்க வெச்ச ரூல் இதுதான்: பாப் எடுத்த நேரத்துல இருந்து ஆலிஸ் எடுத்த நேரத்தைக் கழி. மிச்சம் இருந்தா அதுதான் ஆலிஸோட மார்க், இல்லேன்னா பூஜ்யம். ஆலிஸ் 5 ஸ்டெப்ல செஞ்சதுக்கு பாப் 12 ஸ்டெப் எடுத்தா அவளுக்கு 7. பாபும் 5 ஸ்டெப்லயே முடிச்சுட்டா பூஜ்யம். அவளே 50 ஸ்டெப் இழுத்தா அவளோட மார்க்தான் குறையும்.

அதனால ஆலிஸ் எதைத் தேடுறா? பாபுக்கு இன்னும் கைவராத வேலைகள்ல ரொம்பச் சுலபமானதை. பாப் அதைக் கத்துக்கிட்டதும் அந்தப் புதிர் செல்லாக்காசு. அவள் அடுத்த படிக்குப் போயே ஆகணும். இப்படி சிலபஸ் தானா வளருது.

2020-ல் 'பேர்டு' என்ற முறையில் இதை வேற மாதிரி செஞ்சாங்க. அங்க புதிர் போடுறவர் தானா செஞ்சு காட்டுறது இல்ல, தடைகள் வெச்சு ஒரு புதிர்ப்பாதையைக் கட்டுவார். தீர்வே இல்லாத பாதையைக் கட்டிடலாமே? அதைத் தடுக்க மூணாவதா ஒரு ஏஜென்ட். புதிர் போடுறவருக்கு மார்க் வரணும்னா, அந்த மூணாவது ஆள் ஜெயிக்கணும், படிக்கிற ஆள் தோக்கணும். ஒருத்தராலயாவது முடியும்னு நிரூபிச்சாத்தான் அது நல்ல கேள்வி.

பாப் தோத்துட்டா?

ராமானுஜன் கேள்விக்கு ஆறு மாசம் பதில் வரலை, ஆனா அது வீணாகலை. விடையோட வழியும் வந்ததால நூறு வருஷம் தாண்டியும் நாம படிக்கிறோம். 2021-ல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட வேலையிலும் இதே விஷயம் இருக்கு. கம்ப்யூட்டர் சிமுலேஷனில் ஒரு ரோபோ கை. ஆலிஸ் மேஜை மேல இருக்கிற பொருள்களை நகர்த்தி ஒரு அமைப்பு செய்வாள். பாப் அதே அமைப்பைக் கொண்டுவரணும். முடியலைன்னா, ஆலிஸ் எப்படிச் செஞ்சாள் என்பதே பாபுக்குப் பாடமாகும். கேள்வி போட்டவரிடம் விடைக்கான வழி எப்பவும் இருக்கு இல்லையா, அதை வீணாக்க மாட்டாங்க. கடைசியில் அந்த பாப், கட்டைகளை அடுக்குறது, மேஜையில் தட்டு வெச்சு ஒழுங்குபடுத்துறது மாதிரி, யாரும் தனியாச் சொல்லித்தராத வேலைகளையும் செஞ்சது.

இதுல அப்ஸ்ட்ராக்ட் சிந்தனை எங்க இருக்கு?

செம்பட்டி உதாரணத்துக்குத் திரும்ப வருவோம். ஒரே சந்துல இருந்து திரும்பி வர பாப் மனப்பாடம் பண்ணிக்கலாம். ஆலிஸ் தினமும் வேற சந்து, வேற கடைன்னு போனா மனப்பாடம் உதவாது. அப்போ எல்லாப் புதிருக்கும் பொதுவான ஒண்ணைப் பிடிச்சாகணும்: கடைசியா செஞ்சதை முதல்ல திருப்பு, இடது வலதா மாறும். இது எந்த ஊருக்கும் பொருந்தும். டேட்டா ஸ்ட்ரக்சர்ல ஸ்டாக், எடிட்டர்ல அன்டூ, மேட்ரிக்ஸ்ல இரண்டு மேட்ரிக்ஸோட பெருக்கலுக்கு இன்வர்ஸ் எடுக்கும்போது வரிசை தலைகீழாகுறது, எல்லாம் இதே விஷயம்தான். ஊர், சந்து, கடை எல்லாம் உதிர்ந்த பிறகு மிஞ்சுறதுக்குப் பேர்தான் அப்ஸ்ட்ராக்ஷன்.

2025-ல் வந்த 'அப்சல்யூட் ஜீரோ' இதை மொழி மாடலுக்குக் கொண்டுபோச்சு. சீனாவின் சிங்குவா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து செஞ்சது. ஒரே மாடல் பைத்தான் புரோகிராம்களை வெச்சுத் தனக்குத்தானே மூணு வகைப் புதிர் போட்டுக்குது. புரிய, செம்பட்டிக்குப் பக்கத்துல சின்னாளபட்டியில பேர் போன சுங்குடிச் சேலையை நினைச்சுக்கோங்க. துணியில முடிச்சுப் போடுவாங்க, சாயத்துல முக்குவாங்க, முடிச்சை அவிழ்த்தா அந்த இடம் புள்ளியா நிற்கும்.

முதல் வகை: முடிச்சும் தெரியும், செய்முறையும் தெரியும். சேலை எப்படி வரும்? (இன்புட்டும் புரோகிராமும் கொடுத்து அவுட்புட் கேட்கிறது.)

இரண்டாவது: சேலையும் செய்முறையும் தெரியும். எங்கெங்க முடிச்சுப் போட்டிருப்பாங்க? (அவுட்புட்டுல இருந்து இன்புட்.)

மூணாவது: முடிச்சுப் போட்ட சில துணிகள், அதுல இருந்து வந்த சேலைகள் மட்டும் தெரியும். செய்முறை என்ன? (உதாரணங்கள்ல இருந்து புரோகிராம்.)

மூணாவதுதான் உண்மையான அப்ஸ்ட்ராக்ஷன். இதுல ஒரு ஏமாத்து வேலைக்கு வழி இருக்கு: கொடுத்த உதாரணங்களை மட்டும் இஃப்-எல்ஸ் போட்டு எழுதிடலாம், அதாவது மனப்பாடம். அதனால சில உதாரணங்களை மறைச்சு வெச்சு அதுலதான் செக் பண்றாங்க. புதிருக்கான மார்க்கும் ஆலிஸ் மாதிரியேதான். பலமுறை முயற்சி செஞ்சு எல்லாம் சரின்னாலும் பூஜ்யம், எல்லாம் தப்புன்னாலும் பூஜ்யம். 8 முயற்சியில 2 சரின்னா 0.75, 6 சரின்னா 0.25. கஷ்டமா இருக்கணும், ஆனா முடியணும்.

பெரிசாக் கொண்டாடுறதுக்கு முன்னாடி

இரண்டு விஷயம். ஒண்ணு, பேர்தான் ஜீரோ. அந்த மாடல் ஏற்கனவே மனுஷங்க எழுதின ஏராளமான எழுத்தைப் படிச்சு வந்தது. விடை சரியா தப்பான்னு சொன்னதும் அந்த மாடல் இல்ல, பைத்தானை ஓட்டிப் பார்த்ததுதான். ஓட்டிப் பார்க்க முடிஞ்ச இடத்துலதான் இந்த ஆட்டம் நடக்கும். ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணியை யாருக்கு எவ்வளவு பிரிக்கிறது என்ற கேள்வியை எந்த கம்பைலர்ல ஓட்டுறது?

இன்னொண்ணு, அதே ஆராய்ச்சியில ஒரு மாடல் புதிர் உருவாக்கும்போது, மனுஷங்களையும் மத்த மெஷின்களையும் தன் புத்தியால முந்தணும் என்கிற மாதிரி எழுதிச்சு. ஆராய்ச்சியாளர்களே அதைக் கவலைக்குரியது என்று பதிவு செஞ்சிருக்காங்க. எதிராளியை முந்துறதுக்கு மார்க் கொடுத்தா மெஷின் அதைத்தான் கத்துக்கும். கேள்வி போடுறதுலயும் பொறுப்பு இருக்கு, அந்த மார்க் ரூலை எழுதுறது நாளைக்கு நம்மில் ஒருத்தரா இருக்கலாம்.

நமக்கு என்ன?

பதில் சொல்ற வேலையில மெஷினோட போட்டி போடுறதை விடுங்க. மெஷினுக்கே பதில் மட்டும் சொல்லிக் கத்துக்கிறது பத்தலை, கேள்வியும் போட வேண்டியிருக்கு. நமக்கு மட்டும் பத்துமா?

அடுத்த இன்டர்னலுக்கு இதை முயற்சி செஞ்சு பாருங்க. ரூம்மேட்டோட உட்காருங்க. ஒரு யூனிட்டை முடிச்சதும் ஆளுக்கு மூணு கேள்வி போடணும். ரூல் மூணே மூணு. விடை உங்க கையில இருக்கணும். அவன் முதல் தடவையே போட்டுட்டா உங்களுக்கு மார்க் இல்ல, கடைசி வரைக்கும் போட முடியலைன்னாலும் மார்க் இல்ல. தோத்தா வழியை முழுசா சொல்லித்தரணும். கேள்வி போட உட்கார்ந்தா, புரிஞ்சதுன்னு நினைச்ச பாதி விஷயம் புரியலைன்னு உடனே தெரிஞ்சுடும். அந்த இடத்துலதான் படிப்பு ஆரம்பிக்குது.

கடைசியா, நான் உங்களுக்குப் போடுற புதிர். இதன் மதிப்பு என்ன?

√(4 + 3√(4 + 5√(4 + 7√(4 + …))))

விடை ஓர் ஒற்றை இலக்க எண். வழி ராமானுஜனோடதுதான், ஒற்றைப்படை எண்களைப் பிடிச்சுக்கிட்டு நடங்க. ஏஐ கிட்ட கேட்டா சொல்லிடும், கேளுங்க, தப்பில்லை. ஆனா அதுக்கப்புறம் 4 இருக்கிற இடத்துல எல்லாம் 9 வர்ற மாதிரி ஒரு புதிரை நீங்களே கட்டி, பக்கத்து பெஞ்சுக்கு அனுப்புங்க.