குழந்தைகளுக்கு ஓர் இயற்கை விளையாட்டுத் தடம்

ஊராட்சிப் பூங்கா ஒன்றைப் பார்வையிடும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. இரும்புச் சறுக்குமரம், ஊஞ்சல், இராட்டினம் யாவும் அங்கே வரிசையாக நின்றன. வேலியும் வாயிற்கதவும் குறைவின்றி இருந்தன. ஆயினும் முற்பகல் பத்து மணிக்கு அங்கே ஒரு குழந்தையும் இல்லை. சறுக்குமரத்தின் மீது கை வைத்தபோதுதான் காரணம் விளங்கிற்று. இரும்புத் தகடு அடுப்பிலிட்ட தோசைக்கல்லைப் போல் காய்ந்திருந்தது. ஊர்க் குழந்தைகளோ வேலிக்கு அப்பால், சாலையோரத்துப் பூவரச மர நிழலில் இருந்தனர். இலையைச் சுருட்டி ஊதல் செய்து ஊதுவோர் சிலர். மண்ணில் குழி பறித்து விளையாடுவோர் சிலர். அவர்களுக்கு நான்கடி தொலைவில் லாரிகள் விரைந்து சென்றுகொண்டிருந்தன.

குழந்தைகள் நாடுவது நிழலையும் மண்ணையும் மரத்தையுமே என்பதை இக்காட்சி நமக்கு உணர்த்துகிறது. அவற்றைப் பாதுகாப்பான இடத்தில் நாம் அமைத்துத் தராவிட்டால், ஆபத்தான இடங்களில் அவர்களே அவற்றைத் தேடிச் செல்வர் என்பதையும் அது காட்டுகிறது. இக்குறையை நீக்க வல்லது இயற்கை விளையாட்டுத் தடம்.

தடம் என்பது யாது?

பூங்காவுக்குள் மரங்களின் ஊடே வளைந்து செல்லும் ஒரு நடைபாதையும், அதன் வழியில் குழந்தைகள் நின்று விளையாடுவதற்கான ஆறேழு இடங்களும் சேர்ந்ததே விளையாட்டுத் தடம். ஓரிடத்தில் ஏறலாம், அடுத்ததில் தாண்டலாம், மற்றொன்றில் அமர்ந்து உற்றுநோக்கலாம். இதற்கு வேண்டிய பொருள்களுள் பெரும்பாலானவை ஊரிலேயே கிடைப்பவை.

விளையாட்டும் கல்வியும் வெவ்வேறல்ல என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1939-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையார், உலகப் போர்க் காலத்தில் கொடைக்கானலில் தங்கினார். அப்போது சுற்றிலுமிருந்த செடி கொடிகளையும் சிற்றுயிர்களையும் கொண்டே குழந்தைகளின் கல்வியை அவர் வளர்த்தார். விளையாடுவது குழந்தையின் உரிமை என்று 1989-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு கூறுகிறது. இந்தியா 1992-இல் அதனை ஏற்றுக்கொண்டது.

இடமும் நிழலும்

முதல் வேலை நிழலுக்கு வழி செய்வது. முன்பே வளர்ந்த மரங்கள் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுப்பது சாலச் சிறந்தது. மரமில்லாவிடில் புரட்டாசி இறுதியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ நடுதல் வேண்டும். அவ்வாறாயின் வடகிழக்குப் பருவமழையில் செடிகள் வேர் பிடித்துக்கொள்ளும். பூவரசைப் போத்தாகவே நடலாமாதலின் விரைவில் நிழல் கிட்டும். அதனோடு வேம்பும் நெல்லியும் வைக்கலாம். ஓரங்களில் பனை விதைகளை ஊன்றினால் அவை அடுத்த தலைமுறைக்குப் பயன்படும். சுற்றிலும் உயிர்வேலியாக நொச்சி ஏற்றது. ஆடுகள் அதனை மேய்வதில்லை.

பாதையை நான்கு அல்லது ஐந்து அடி அகலத்தில், செம்மண்ணும் சரளையும் கலந்து இடித்துச் சமமாக அமைத்தல் நன்று. சக்கர நாற்காலியில் வரும் குழந்தையும், பேரக் குழந்தையின் கைபிடித்து வரும் பாட்டியும் தடையின்றிச் செல்ல அது உதவும்.

தடத்தின் நிலைகள்

தொடக்கத்தில், வெவ்வேறு உயரமுள்ள மரக்கட்டைத் துண்டுகளைச் சிறிது இடைவெளி விட்டுப் பாதியளவு மண்ணில் புதைக்கலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கால் மாற்றும்போது குழந்தை உடலின் சமநிலையைக் கற்கிறது. அடுத்து, காற்றில் விழுந்த பனை மரத்தின் அடித்துண்டு ஒன்றைக் கிடத்தி, சிராய் இல்லாதபடி இழைத்துவிட்டால், அதுவே நடைபாலமாகும். மூன்றாவதாக மூன்றடி உயரமுள்ள ஒரு மண்மேடு. அதன் சரிவில் அறுகம்புல் படர்ந்திருந்தால் மழையில் மண் கரையாது.

நான்காவது மணல் குழி. கல்லும் கண்ணாடியும் இல்லாதவாறு சலித்த மணலை ஓரடி ஆழத்திற்கு நிரப்ப வேண்டும். ஐந்தாவது கைவினைத் திண்ணை. நுங்கு வண்டி, ஓலைக் காற்றாடி, பூவரச இலை ஊதல் ஆகியவற்றைச் செய்யத் தெரிந்த முதியோர் எல்லா ஊர்களிலும் இருக்கின்றனர். வாரம் ஒரு மாலை அவர்கள் வந்து அமர்ந்தால் அக்கலை அழியாது.

ஆறாவது வண்ணத்துப்பூச்சித் தோட்டம். எலுமிச்சையும் கறிவேப்பிலையும் நட்டாலே போதுமானது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி அவற்றின் தளிரில் முட்டையிடும். முதலில் பறவை எச்சம் போலத் தோன்றும் புழு, பின்னர்ப் பச்சை நிறமடைந்து, கூட்டுப்புழுவாகி, ஏறத்தாழ ஒரு மாதத்திற்குள் சிறகு விரித்துப் பறந்துவிடும். இச்செடிகளுக்குப் பூச்சிமருந்து தெளித்தலாகாது. கடைசி நிலையில் பறவைகளுக்கென ஆழமற்ற மண் தட்டு ஒன்றில் நீர் வைத்து, நாள்தோறும் மாற்றுதல் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

இயற்கைப் பொருள் என்பதனாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. அரளி, ஊமத்தை, குன்றிமணி, காட்டாமணக்கு ஆகியவை நச்சுடையவை. இவற்றைத் தடத்தருகே விட்டுவைத்தல் கூடாது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் துன்பம் விளையும். முருங்கையும் நாவலும் எளிதில் கிளை முறிபவையாதலின் ஏறி விளையாட ஏற்றவையல்ல. தாண்டும் கட்டைகள் ஒன்றரை அடி உயரத்திற்கு மேற்படாமல், அவற்றைச் சுற்றி மணல் பரப்பியிருத்தல் நலம். கட்டைகளின் அடியில் தேள் தங்காதவாறு அடிக்கடி பார்த்தல் அவசியம். மணல் குழியை இரவில் மூடி, காலையில் கிளறிவிட வேண்டும். அருகில் கிணறோ குளமோ இருப்பின், அதனைத் தடுத்து வேலியிட்ட பின்னரே தடத்தைத் திறக்கலாம். இதில் சிறிதும் தளர்ச்சி கூடாது.

யார் தண்ணீர் ஊற்றுவது?

இக்கேள்விக்கு விடை காணாமல் வேலையைத் தொடங்கலாகாது. திறப்பு விழாவன்று நடப்பட்ட செடிகள் சித்திரை வெயிலில் கருகிப்போவதை நாம் எத்தனையோ இடங்களில் கண்டிருக்கிறோம். இரும்புக் கருவியை வாங்கி நிறுத்தலாம்; தடத்தையோ வளர்த்தெடுக்க வேண்டும். முதல் இரண்டு கோடைகளைக் கடந்துவிட்டால் மரங்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும். எனவே கிராம சபைக் கூட்டத்தில் இடத்தையும் செலவையும் தீர்மானிக்கும்போதே, நீர் விடுவோர், மாதந்தோறும் கட்டைகளைச் சோதிப்போர், மாலையில் மேற்பார்வை செய்வோர் ஆகியோரின் பெயர்களையும் தீர்மானத்தில் எழுதிவிடுதல் வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்களும் பள்ளி ஆசிரியர்களும் இப்பணியில் பெருந்துணையாவர்.

குழந்தைகளையும் கலந்து ஆலோசிப்பது பொருத்தமாகும். அவர்களை இடத்திற்கு அழைத்துச் சென்று, எங்கே ஓடுகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று கவனித்தாலே தடம் எவ்வழிச் செல்ல வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு செடியை ஒப்படைத்தால், தான் நீர் வார்த்த மரத்தின் கிளையை அக்குழந்தை ஒடிக்காது.

சாலையோரப் பூவரசின் நிழலில் விளையாடிய அக்குழந்தைகள் நம்மிடம் கேட்பது மிகவும் சிறியது. அதே நிழலையும் அதே மண்ணையும் வேலிக்கு உட்புறம் அமைத்துத் தருவோம். வரும் ஐப்பசியிலேயே முதல் போத்தை நடுவோமாக!