பெயர்ப்பலகைக்கு எவ்வளவு வாடகை?



தம்பி, திண்டிவனத்தில் டீக்கடை பிரான்சைஸ் எடுக்கப் போகிறீர்கள் என்று கேள்வி. அப்பா நிலப் பத்திரத்தைக்கூட எடுத்து வைத்துவிட்டாராம். நல்லது. கையெழுத்துப் போடுவதற்குள் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு நடை போய் வாருங்கள்.

செங்கல்பட்டு தாண்டி விக்கிரவாண்டி வரை, ‘கும்பகோணம் டிகிரி காபி’ பலகைகளுக்குப் பஞ்சமில்லை. எல்லாவற்றிலும் அதே பித்தளை டபரா, அதே நுரை. ஆனால் அத்தனையும் ஒரு முதலாளியின் கிளைகள் அல்ல. ஒரு கடையில் கூட்டம் சேர்ந்ததும் அடுத்தவர் பலகை மாட்டினார், அதற்கடுத்தவரும் மாட்டினார். ஊர்ப்பெயரோடு பண்டத்தின் பெயரைச் சேர்த்து வைத்தால், அதை ஒருவர் தனக்கே உரியது என்று கட்டிக்காப்பது கஷ்டம். அப்படியொரு பெயருக்கு லட்சக்கணக்கில் கட்டணம் கேட்டு யாராவது வந்தால் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

சொந்தப் பெயரை வளர்த்து, சிறு ஊர்களில் கடை பரப்பி ஜெயித்தவர்களும் உண்டு. ஆர்.ஜி. சந்திரமோகன் 1970-இல் 13,000 ரூபாய் முதலோடு சென்னை ராயபுரத்தில் குச்சி ஐஸ் போட்டார். தலைநகரில் பெரிய கம்பெனிகளோடு மல்லுக்கட்ட முடியாமல் வெளியூர்களுக்குத் திரும்பினார். அவருடைய அருண் ஐஸ்கிரீம் மட்டுமே விற்கும் பார்லர்களை உள்ளூர்க்காரர்கள் எடுத்து நடத்தினார்கள். பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத ஊர்களில்தான் அந்தப் பெயர் வேர்பிடித்தது.

இனி கணக்கு. அமுல் தன் கடையை எடுத்து நடத்துபவரிடம் ராயல்டி வாங்குவதில்லை. கமிஷன் விகிதத்தையும் வெளிப்படையாகவே சொல்கிறது. பாலுக்கு 2.5 சதவீதம், பால் பொருட்களுக்கு 10, ஐஸ்கிரீமுக்கு 20. நூறு ரூபாய்க்குப் பால் விற்றால் கையில் நிற்பது இரண்டரை ரூபாய். ஆக, கூட்டத்தை இழுப்பது பால், வாடகை கட்டுவது ஐஸ்கிரீம். (அந்த நிறுவனத்தின் பேரைச் சொல்லி போனில் பணம் பறிக்கும் கும்பலும் உண்டு. நிறுவனமே எச்சரித்திருக்கிறது.)

டீக்கடையில் கதை வேறு. ராயல்டி 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அது லாபத்தில் அல்ல, விற்பனையில். நாளுக்கு 8,000 ரூபாய் ஓடினால் மாதம் 12,000 போய்விடும். அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. (இது சாலை அல்ல, வரி) 2,160 ரூபாய். 5 சதவீத வரி போடும் உணவுக்கடை அந்தத் தொகையை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளவும் முடியாது. மழை பெய்து கல்லா காலியாகக் கிடந்த மாதத்தில், மாஸ்டர் சம்பளத்தையும் கொடுத்துவிட்டு இதையும் கட்ட வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதை மட்டும் கம்பெனி ஆளிடம் விடாதீர்கள். திண்டிவனம் என்றால் புதுச்சேரிக்கும் செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் சாலை பிரியும் ஊர். எந்தப் பஸ் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். விழுப்புரத்தையே பாருங்கள்: பைபாஸில் போகும் வண்டி ஊருக்குள் வராது. ஜங்ஷனில் ரயில் மாறுகிறவர் பைபாஸுக்குப் போகமாட்டார். இரண்டும் இரண்டு வியாபாரம்.

சட்டம் காப்பாற்றும் என்றும் இருந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் பிரான்சைஸ் கொடுப்பவர் தன் வழக்கு விவகாரம், கட்டணம் எல்லாவற்றையும் கையெழுத்துக்கு 14 நாள் முன்பே எழுதிக் கொடுத்தாக வேண்டும். இந்தியாவில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டமும்தான் துணை. மெக்டொனால்ட்ஸுக்கும் அதன் வட இந்தியப் பங்காளி விக்ரம் பக்ஷிக்கும் 2013-இல் மூண்ட சண்டை 2019-இல்தான் தீர்ந்தது. நடுவே, 2017-இல், 169 கடைகளின் உரிமத்தை ரத்து செய்வதாக அறிவித்தார்கள். அவ்வளவு பெரிய ஆளுக்கே அந்தப் பாடு.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், அந்தப் பெயர் வணிகச் சின்னப் பதிவேட்டில் யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். தேநீருக்கு வகுப்பு 30, உணவகச் சேவைக்கு 43. தேடக் காசு கேட்கமாட்டார்கள். பிறகு அதே பலகையை மாட்டி இரண்டு வருஷம் ஓட்டியவர் ஒருவரையும், மூடியவர் ஒருவரையும் நேரில் பார்த்துப் பேசிவிட்டு, அப்பாவிடம் பத்திரத்தைக் கேளுங்கள்.