காது வளர்க்கையில் சீழ் பிடித்தால்

கேள்வி: மதுரைப் பாட்டி பாம்படம் போட்டவர். அந்த ஆசையில் நானும் காதுத் துளையைப் பெரிதாக்குகிறேன். இப்போது சிவந்து வலிக்கிறது. மஞ்சள் பூசலாமா?
– வாசகி, வெள்ளிமலை, கல்வராயன் மலை

பதில்: வேண்டாம்மா, புண்ணில் அப்பி அழுக்கைத்தான் சேர்க்கும். வெள்ளையாகப் பொருக்கு கட்டினால் பயமில்லை. மடல் சூடாகி, விண்விண்ணென்று தெறித்து, நாற்றத்தோடு மஞ்சள் சீழ் வந்தால் கிருமித்தொற்று. பெரிதாக்குவதை நிறுத்தி, ஓரளவு சிறிய வளையம் போடுங்கள். முழுதும் கழற்றினால் துளை மூடிச் சீழ் உள்ளேயே தங்கலாம். கொதித்து ஆறிய ஒரு டம்ளர் நீரில் கால் டீஸ்பூன் உப்பு கலந்து, சுத்தமான துணியால் தினம் இருமுறை ஒத்துங்கள். இரண்டு நாளில் அடங்காவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள். காய்ச்சலோ, பரவும் சிவப்போ, மேல்காதுக் குருத்தெலும்பில் வீக்கமோ இருந்தால் அன்றே மலையிறங்கி, கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக்கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஓலைச்சுருள், பிறகு ஈயக் குணுக்கு என்று பாட்டிமார் நிதானமாகத்தான் காது வளர்த்தார்கள். நன்றாக ஆறும்வரை அடுத்த அளவைத் தொடாதீர்கள்.