எண்ணத் தொடங்கும் நாள் எது?

மாணவர்களே, வீட்டில் அக்காவோ அண்ணியோ மருத்துவரிடம் போய் வந்து, "ஐந்து வாரமாம்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். கருவின் வயது ஐந்து வாரமா? இல்லை, ஏறக்குறைய மூன்றே வாரம்தான்!

மருத்துவர் கணக்கில் தவறில்லை. செல்சியஸ் அளவில் சுழி ஓரிடத்திலும் கெல்வின் அளவில் வேறோரிடத்திலும் இருக்கிறதல்லவா? அதுபோலத்தான் இதுவும். சினைமுட்டையும் விந்தணுவும் இணைந்த நாளைத் திட்டமாகக் கூறுவது அரிது. கடைசி மாதவிலக்குத் தொடங்கிய நாளோ பெரும்பாலும் நினைவிலிருக்கும். ஆகவே அதையே தொடக்கமாகக் கொண்டு, பிரசவத்துக்கு 280 நாள் என்று கணக்கிடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், முதல் இரண்டு வாரங்களில் கரு என்று ஒன்று இல்லவே இல்லை.

28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு ஆகிறவரை எடுத்துக்கொள்வோம். 14ஆம் நாள் வாக்கில் கருக்குழாயில் முட்டை கருவுறுகிறது. அதன் குறுக்களவு சுமார் 0.1 மில்லிமீட்டர். அது இரண்டாய், நான்காய், எட்டாய்ப் பிரிந்துகொண்டே கருப்பையை நோக்கி நகர்கிறது. செல்கள் பெருகினாலும் மொத்தப் பருமன் கூடுவதில்லை. ஒரே லட்டைப் பிட்டுப் பிட்டுப் பலருக்குக் கொடுப்பது போலத்தான். கருவுற்ற ஆறாம் நாளையொட்டிக் கருப்பைச் சுவரில் பதியத் தொடங்குகிறது. பிறகு எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் தாயின் இரத்தத்தில் கலக்கிறது. தொடக்கத்தில் அதன் அளவு சுமார் இரண்டு நாளைக்கு ஒருமுறை இரட்டிக்கும். பத்து நாளில் எத்தனை மடங்காகும்? 32 மடங்கு! அவசரப்பட்டுச் செய்தால் 'இல்லை' என்று காட்டும் சிறுநீர்ச் சோதனை, சில நாள் பொறுத்துச் செய்தால் 'ஆம்' என்று காட்டுவது இதனால்தான்.

மாதவிலக்குத் தள்ளிப்போகும்போது, மருத்துவர் கணக்கில் நான்கு வாரம். மசக்கை பெரும்பாலும் ஆறாம் வாரத்தையொட்டித்தான் வரும், சிலருக்கு வருவதேயில்லை.

ஆனால் உள்ளே வேலை காத்திருப்பதில்லை. கருவுற்ற 22ஆம் நாள் வாக்கில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரவேண்டிய நரம்புக்குழல் 28ஆம் நாளுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் குழந்தை முதுகுத்தண்டில் குறையோடு பிறக்கலாம். மூளையே உருவாகாமலும் போகலாம். 28ஆம் நாள் என்பது மாதவிலக்குத் தள்ளிப்போய் இரண்டே வாரம். பலருக்குச் செய்தியே தெரிந்திராது!

1991இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. இத்தகைய குறை முன்பு ஒருமுறை நேர்ந்திருந்த தாய்மார்கள், கருவுறும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டபோது, அது மீண்டும் நேர்வது 72 சதவிகிதம் குறைந்தது. கீரையிலும் பயறுகளிலும் இச்சத்து உண்டு; எனினும் உணவை மட்டும் நம்பியிருப்பது போதாது. குழந்தை வேண்டும் என்று எண்ணும்போதே, குறைந்தது ஒரு மாதம் முன்னதாக, நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் மாத்திரையைத் தொடங்கி, பன்னிரண்டாம் வாரம் வரை உட்கொள்ள வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். முன்பு குறை நேர்ந்தவர்களுக்கு அளவு இதைவிட அதிகம். அதை மருத்துவரே முடிவு செய்வார்.