மடிக்கணினியின் மறைந்த வாசல்

"இந்த மடிக்கணினிக்கு எத்தனை வாசல்கள்?" என்று எட்டாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். மாணவர்கள் பக்கவாட்டில் உள்ள துளைகளை எண்ணுவார்கள். யுஎஸ்பியில் பென்டிரைவ், மவுஸ் முதலியவற்றை இணைக்கலாம். விஜிஏ படத்தை மட்டும் கடத்தும். எச்டிஎம்ஐ ஒலியையும் சேர்த்துக் கடத்தும். ப்ரொஜெக்டரில் படம் வந்து ஒலி வராவிட்டால், முதலில் கேபிளைப் பாருங்கள்.

எண்ணிக்கையில் விடுபடுவது வைஃபை. கேபிளைப் பிடுங்கினால் தொடர்பு அறுந்துவிடும். வைஃபை அலையோ சுவரைக் கடந்து வெளியே செல்லும். அருகிலிருக்கும் எவரும் அதைப் பிடிக்கலாம். ஆகவே பூட்டு தேவை. 1997இல் வந்த டபிள்யூஇபி என்னும் பூட்டு 2001இலேயே உடைபட்டது. ரௌட்டரில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 முறையைத் தேர்ந்தெடுங்கள். அதனுடன் வந்த கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

எமிஸ் தளத்தில் நம் மாணவர்களின் பிறந்த தேதியும் பெற்றோரின் கைபேசி எண்ணும் உள்ளன. பொது இடத்து இலவச வைஃபையில் அதைத் திறக்க வேண்டாம். அதே பெயரில் போலி வைஃபை அமைத்து, போலிப் பக்கம் காட்டிக் கடவுச்சொல்லைப் பறிக்க முடியும். அவசரமெனில் சொந்தக் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டைக் கடவுச்சொல்லுடன் பயன்படுத்தலாம்.

இனி மாணவர்களை மீண்டும் எண்ணச் சொல்லுங்கள். "புளூடூத்தும் ஒரு வாசல்தானே?" என்று ஒருவர் கேட்டாலே பாடம் புரிந்துவிட்டது.